குருத்தைப் பிரித்துப் பார்த்தவர்கள்

2018 புரட்டாசி, ஐப்பசியில் பெரம்பலூர் மாவட்டத்து மக்காச்சோளக் கொல்லைகளில் புதிதாக ஒரு புழு விழுந்தது. முழங்கால் உயரம் வந்திருந்த பயிரின் இலைகளில் முதலில் வெள்ளை வெள்ளையாகச் சுரண்டிய தடம் தெரிந்தது. சில நாளில் குருத்தெல்லாம் ஓட்டை. குருத்தின் நடுவே ஈர மரத்தூள் போல எச்சம் குவிந்து கிடந்தது. தண்டுத்துளைப்பானைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வேறு ஏதோ என்று தெரிந்துவிட்டது. என்ன என்றுதான் தெரியவில்லை. வேப்பந்தட்டை, வேப்பூர், ஆலத்தூர் பக்கங்களிலும், எல்லை தாண்டி அரியலூர் மாவட்டத்து ஊர்களிலும், பெயர் தெரியாத ஒன்று தங்கள் வெள்ளாமையைத் தின்றுகொண்டிருக்கிறது என்ற நினைப்போடு உழவர்கள் உறங்கப் போனார்கள்.

தமிழ்நாட்டில் மக்காச்சோளம் மிகுதியாக விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் முன்வரிசையில் இருப்பது. பெரும்பகுதி கரிசல், பெரும்பகுதி மானாவாரி. ஆவணி, புரட்டாசியில் விதைப்பு. வடகிழக்குப் பருவமழையை நம்பி வளர்ப்பு. தை வாக்கில் கதிரொடிப்பு. பிறகு நாமக்கல் பக்கத்துக் கோழித்தீவன ஆலைகளுக்கு ஏற்றிவிடுவது. இதுதான் இங்கே பல குடும்பங்களின் ஆண்டுக் கணக்கு. பருத்தியைவிட ஆள்கூலி குறைவு என்பதால் பருத்திக் கொல்லைகள் பலவும் மக்காச்சோளத்துக்கு மாறியிருந்தன. வீரிய ஒட்டு விதையை ஒவ்வோர் ஆண்டும் கடையில்தான் வாங்க வேண்டும். உரம் கடனில் வரும். நகை வங்கியில் இருக்கும். ஆண்டுக்கு ஒரே வெள்ளாமை எடுக்கும் வீட்டில், குருத்தில் விழுந்த ஓட்டை பள்ளிக் கட்டணத்தையும் மருத்துவச் செலவையும் தொட்டுவிடும். அந்த உழவர்களின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்க யாருக்கும் உரிமை இல்லை. வரவும் செலவும் விரல் நுனியில் வைத்திருந்தவர்களின் அச்சம் அது.

அச்சத்துக்குக் கேட்கத் தெரிந்த கேள்வி ஒன்றுதான்: இதை எது கொல்லும்?

அந்தக் கேள்வியோடு உரக்கடைக்குப் போனால், “அண்ணே, இதைவிட வீரியமா ஒண்ணு குடுங்க” என்பதைத் தவிரச் சொல்ல வேறொன்றும் இருக்காது. ஒரு மருந்துக்குக் கேட்கவில்லை என்றால் இரண்டைக் கலப்பது, வாரத்துக்கு ஒருமுறை என்பதை மூன்று நாளுக்கு ஒருமுறை ஆக்குவது என்று அடுத்தடுத்து நகர வேண்டியதுதான். உச்சி நெருங்கும் வெயிலில் மருந்தடித்தால் அந்த நேரத்தில் புழு குருத்தின் அடியில், தன் எச்சமே அடைத்து வைத்த மூடிக்குக் கீழே ஒதுங்கியிருக்கும். மருந்து இலைமேல் வழிந்து தரையில் சொட்டும். மறுநாள் காலை குருத்தை விரித்தால் புழு உயிரோடு நெளியும். எந்த மருந்துக்கும் சாகாத புழு என்ற எண்ணம் இப்படித்தான் பிறக்கிறது. அச்சம் தானே தனக்குச் சான்று தேடிக்கொள்கிறது.

இதன் விலை பணத்தோடு நிற்பதில்லை. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்கு மருந்தடித்த உழவர்களும் கூலியாட்களும் இருபது பேருக்கு மேல் நஞ்சேறி இறந்தார்கள். அதே ஆண்டின் பிற்பகுதியில் பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் சிலரின் சாவு செய்தியானது. ஆளுயரம் வளர்ந்த பயிருக்குள் விசைத்தெளிப்பானோடு நடப்பவர் தான் தெளித்த புகைக்குள்ளேயே நடக்கிறார். முகக்கவசம் இல்லை, கையுறை இல்லை, வியர்வையில் நனைந்த சட்டை மருந்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. பயிரைத் தின்னும் பூச்சிக்கு அஞ்சியவர்களுக்குத் தோளில் தொங்கிய நஞ்சைக் கண்டு அஞ்சத் தோன்றவில்லை. முன்னது கண்ணெதிரே இலையை ஓட்டையாக்கியது. பின்னது தோல் வழியே ஓசையில்லாமல் இறங்கியது.

புழுவைப் பற்றிக் கேட்பதற்கு இன்னொரு கேள்வியும் உண்டு. இப்போது அது எங்கே இருக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடுகிறவர் குருத்தைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பியாக வேண்டும். இருட்டிய பின் கைவிளக்கோடு கொல்லைக்குள் போயாக வேண்டும். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் அந்த ஆண்டு வந்த விருந்தாளியின் வாழ்க்கை வரலாறு இப்படிப் பார்த்தவர்களால் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. உலகின் மறுபக்கத்தில், இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக.

புழு எங்கிருந்து வருகிறது என்பதற்கு மனிதர்கள் வெகுகாலம் பிழையான விடையையே வைத்திருந்தார்கள். சேற்றிலிருந்து, அழுகலிலிருந்து, பனியிலிருந்து தானாக உண்டாகிறது என்று ஐரோப்பாவில் படித்தவர்களே நம்பினார்கள். 1587-இல் சவோய் பகுதியின் சென் ஜூலியன் என்ற ஊரில், திராட்சைத் தோட்டங்களை அழித்த வண்டுகளின் மேல் திருச்சபை நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. வண்டுகளுக்காகவும் ஒரு வழக்கறிஞர் வாதாடினார். எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது, எப்போது போகும் என்று எதுவுமே தெரியாத ஒன்றை எதிர்கொள்ள அந்த ஊராருக்குத் தெரிந்த கடைசி வழி அதுதான். 1668-இல் இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி, இறைச்சித் துண்டுகள் சிலவற்றைத் திறந்தும் சிலவற்றைத் துணியால் மூடியும் வைத்துப் பார்த்தார். ஈ உட்கார முடிந்த இறைச்சியில் மட்டும் புழு வந்தது.

அதே காலத்தில் பிராங்க்ஃபர்ட்டில் ஒரு சிறுமி பட்டுப்புழு வளர்த்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயதில் தொடங்கிய அந்தப் பழக்கம் மரியா சிபில்லா மெரியன் வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்தது. முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி என்ற நான்கு நிலைகளையும், அது தின்னும் செடியோடு சேர்த்து ஒரே படத்தில் வரைந்தார். 1679-இல் கம்பளிப்புழுக்கள் பற்றிய முதல் நூல் வந்தது. 1699-இல், ஐம்பத்திரண்டு வயதில், இளைய மகளோடு கப்பலேறித் தென்னமெரிக்காவின் சூரினாமுக்குப் போய் அங்கே காட்டுப் புழுக்களை வளர்த்துப் பார்த்தார். அருவருப்பும் அச்சமும் ஊட்டுபவை என்று பிறர் ஒதுக்கியவற்றைத் தன் வீட்டுப் பெட்டிகளில் வைத்து, எத்தனை நாளில் தோல் உரிக்கின்றன, எதை விட்டு எதைத் தின்கின்றன என்று எழுதிவைத்தவர் அவர். அவர் காலத்தில் புழுவும் பட்டாம்பூச்சியும் ஒரே உயிரின் இரு பருவங்கள் என்பதே பலருக்குப் புதுச் செய்தி.

அமெரிக்க நாட்டின் ஜார்ஜியாவில் குடியேறிய ஜான் ஆபட் என்ற ஓவியர் அவ்வாறே அங்கிருந்த புழுக்களை வளர்த்து வரைந்தார். அந்தப் படங்களை வைத்து, லண்டன் லின்னேயன் கழகத்தை நிறுவிய ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் 1797-இல் ஒரு நூல் வெளியிட்டார். நாம் அமெரிக்கன் படைப்புழு என்று அழைக்கும் ஸ்போடோப்டீரா ஃப்ரூஜிபெர்டா அறிவியலுக்கு அறிமுகமானது அந்த நூலில்தான். 1928-இல் பிலிப் லுஜின்பில் அமெரிக்க வேளாண் துறைக்காக இதன் வாழ்க்கையை விரிவாக எழுதினார். 2016-இல் அது மேற்கு ஆப்பிரிக்காவில் கண்டறியப்பட்டது. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் பதிவானது. சில மாதங்களில் தமிழ்நாட்டுக்குள் வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் கடல் தாண்டி இலங்கைக்கும் போனது. அங்கே அதைச் சேனா படைப்புழு என்றார்கள். 2019 தொடக்கத்தில் சீனாவில் இருந்தது. ஒரே இரவில் காற்றோடு நூறு கிலோமீட்டர் பறக்கக்கூடிய அந்துப்பூச்சிக்கு இது பெரிய பயணம் அல்ல.

பெரம்பலூர் கொல்லையில் நின்றவருக்குத் தேவைப்பட்டது இந்தப் பயணக் கதையைவிட அதன் நாள் கணக்கு. அந்துப்பூச்சி இரவில் வந்து இலையில் முட்டையிடும். ஒரு குவியலில் நூறு முதல் இருநூறு முட்டை, மேலே தன் உடல் செதில்களால் ஒரு போர்வை. ஒரு தாய்ப்பூச்சி தன் வாழ்நாளில் சராசரியாக ஆயிரத்து ஐந்நூறு முட்டை இடும். நம் வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் பொரியும். குஞ்சுப்புழுக்கள் இலையின் பச்சையை மட்டும் சுரண்டும். அதுதான் முதலில் கண்ணில் பட்ட வெள்ளைத் தடம். பட்டிழையில் தொங்கிக் காற்றில் ஆடி அடுத்த செடிக்குப் போகும். மூன்றாம் தோலுரிப்புக்குள் குருத்துக்குள் இறங்கிவிடும். அங்கே தன் இனத்தையே தின்னும். ஆகவே பெரும்பாலும் ஒரு குருத்துக்கு ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். வாழ்நாளில் தின்னும் தீனியில் பெரும்பங்கைக் கடைசிப் பருவத்தில், சில நாட்களிலேயே தின்றுவிடும். இரண்டு மூன்று வாரம் புழுவாக இருந்து, மண்ணில் இரண்டு முதல் எட்டு சென்டிமீட்டர் ஆழத்தில் கூட்டுப்புழுவாகும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் சுற்று முடிந்து மறுபடி அந்துப்பூச்சி.

அடையாளமும் உண்டு. தலையில் தலைகீழாகப் பிரியும் வெளிறிய கவைக்கோடு. வால்பக்கம் சதுரத்தின் நான்கு மூலைபோல நான்கு கரும்புள்ளிகள்.

இத்தனையும் தெரிந்த பிறகு புழுவின் வாய் சிறிதாகிவிடவில்லை. அச்சமும் போய்விடவில்லை. ஆனால் கொல்லை முழுவதிலும், பகல் முழுவதிலும், பருவம் முழுவதிலும் பரவிக் கிடந்த ஓர் அச்சம் இப்போது சில இடங்களுக்கும் சில நாட்களுக்கும் ஒதுங்கிவிட்டது. விதைத்த இரண்டாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை கவனமாக இருக்க வேண்டும். இலையின் அடிப்பக்கம் பார்க்க வேண்டும். மருந்தடிப்பதாக இருந்தால் புழு சிறிதாக இருக்கும்போதே, மாலை நேரத்தில், குருத்தைப் பார்த்து அடிக்க வேண்டும். கதிர் பிடித்த பின் பெரிய புழுவுக்கு அடிப்பது காசைக் கரைப்பது. இப்போது உழவர் அஞ்சுவதற்கு ஓர் எல்லை கிடைத்திருக்கிறது. அந்த எல்லைக்கு வெளியே அவர் உறங்கலாம்.

அச்சம் எவ்வளவு பெரிதாகப் பார்க்கிறது என்பதை ஆப்பிரிக்காவில் ஓரளவு அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2017-இல் கானா, சாம்பியா நாட்டு உழவர்களிடம் இழப்பு எவ்வளவு என்று கேட்டபோது, கானாவில் 22 முதல் 67 விழுக்காடு, சாம்பியாவில் 25 முதல் 50 விழுக்காடு என்று மதிப்பிட்டார்கள். பிரெடரிக் போட்ரோனும் உடன் ஆய்வாளர்களும் கிழக்கு ஜிம்பாப்வேயில் சிறு உழவர்களின் வயல்களுக்குள் இறங்கி, செடி செடியாகப் பார்த்து விளைச்சலையும் எடைபோட்டு 2019-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை செடிகள் கடிபட்டிருந்தும் விளைச்சலில் குறைந்தது ஏறத்தாழ 12 விழுக்காடு. மக்காச்சோளம் இலையை இழந்தாலும் குருத்து உயிரோடு இருந்தால் மீண்டும் இலை விட்டுக்கொள்ளும். கந்தலான கொல்லையைப் பார்க்கும் கண்ணுக்கு இது நம்பக் கடினம்.

அந்தக் கணக்கை அப்படியே 2018-இன் பெரம்பலூர் மேல் வைத்து, நீங்கள் வீணாக அஞ்சினீர்கள் என்று சொன்னால் அது அநியாயம். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட வெகுவாகக் குறைந்தது. நல்ல மழை பெய்தால் குருத்தில் நிற்கும் தண்ணீரில் குஞ்சுப்புழுக்கள் பெருமளவு மடியும். பயிரும் வேகமாகத் தேறும். இரண்டும் நடக்கவில்லை. கதிரிலும் புழு புகுந்தது. இழப்பு மெய்யானது, பல கொல்லைகளில் முழுமையானது. மாநில அரசு 2019-இல் பாதிக்கப்பட்ட மக்காச்சோள உழவர்களுக்கு 186 கோடி ரூபாய் அளவுக்கு நிவாரணம் ஒதுக்க வேண்டியிருந்தது. அறிவு வந்து சேர்வதற்குள் பயிர் போய்விட்டது என்பதுதான் அந்த ஆண்டின் உண்மை.

அடுத்தடுத்த பருவங்களில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைகள் ஊர் ஊராகப் போயின. வேளாண் துறையும், வாலிகண்டபுரத்தில் ஹேன்ஸ் ரோவர் வேளாண் அறிவியல் மையமும், ஜெயங்கொண்டம் அருகே சோழமாதேவியில் கிரீடு வேளாண் அறிவியல் மையமும் உள்ள மாவட்டங்கள் பெரம்பலூரும் அரியலூரும். கடைசி உழவில் வேப்பம்பிண்ணாக்கு, விதை நேர்த்தி, வரப்போரம் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி, இனக்கவர்ச்சிப் பொறி, முட்டைக் குவியலைக் கையால் நசுக்குவது, முதலில் வேம்பு சார்ந்த மருந்து, தேவைப்பட்டால் மட்டும் மற்றது. துண்டறிக்கையில் இவை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டு அச்சாகும்.

இங்கேதான் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. எண்ணிட்ட பட்டியலை மனப்பாடம் செய்தவருக்கும், அதன் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் புழுவின் ஒரு பருவம் இருப்பதைப் புரிந்தவருக்கும் உள்ள தொலைவு பெரிது. கடைசி உழவில் இடும் பிண்ணாக்கு மண்ணில் இருக்கும் கூட்டுப்புழுவுக்காக. விதை நேர்த்தி முதல் இரண்டு மூன்று வாரக் குஞ்சுப்புழுவுக்காக. தட்டைப்பயறும் எள்ளும் குளவிக்கும் பொறிவண்டுக்கும் தங்குமிடம் தருவதற்காக. பொறி, அந்துப்பூச்சி வந்துவிட்டதா என்று அறிவதற்காக. இந்த ‘ஆக’ தெரியாதவர், பிண்ணாக்கு விலை ஏறிய ஆண்டில் அதை விட்டுவிடுவார். பொறியில் பூச்சி நிறைய விழுந்தால், பிடிபட்டது என்று மகிழ்ந்து சும்மா இருப்பார். அந்த எண்ணிக்கை ஏறுவது முட்டையிடும் இரவுகள் தொடங்கிவிட்டன என்ற சேதி. பட்டியல் மட்டும் கையில் இருப்பவர், பட்டியலில் இல்லாத ஒன்று நடந்ததும் பழைய அச்சத்துக்கே திரும்பிவிடுவார்.

இதை மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸில் ஒருவர் வெகு துல்லியமாகக் கண்டார். ஜெஃப்ரி பென்ட்லி என்ற மானுடவியலாளர், 1980-களின் பிற்பகுதியில் சமோரானோ வேளாண் கல்லூரியில் பணியாற்றியவர். இதே படைப்புழுவோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சிறு உழவர்களிடம் அவர் பழகினார். தேனீ, கூடு கட்டும் குளவி, செடி கொடி பற்றி அவர்களுக்கு இருந்த அறிவு அவரை வியக்கவைத்தது. ஆனால் புழு முட்டையிலிருந்து வருகிறது, அந்த முட்டையை ஓர் அந்துப்பூச்சி இடுகிறது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. அது தானாக உண்டாகிறது என்றே எண்ணினார்கள். காரணமும் அவர் சொன்னார். எளிதில் கண்ணில் படுவதும் வாழ்வுக்கு வேண்டியதுமான ஒன்றை உழவர்கள் ஆழமாக அறிந்திருக்கிறார்கள். வாழ்வுக்கு மிக வேண்டியதாக இருந்தும் கண்ணில் படாத ஒன்றைப் பற்றித்தான் பிழையான நம்பிக்கைகள் வளர்கின்றன. முட்டையிடுவது இரவில். புழுவின் உடலுக்குள் முட்டை வைக்கும் ஒட்டுண்ணிக் குளவி மிகச் சிறியது. இவை கண்ணுக்குத் தப்பியதில் அந்த மக்களின் குறை எதுவும் இல்லை.

மூட்டம் போட்டால் புழு விழும் என்ற பேச்சு நம் ஊர்களிலும் உண்டு. மேகமூட்டமான நாட்களில் சில பூச்சிகள் பெருகுவதைத் தொடர்ந்து பார்த்தவர்களின் பேச்சு அது. பார்த்ததில் பிழையில்லை. மூட்டத்துக்கும் புழுவுக்கும் நடுவே ஒரு பூச்சியும் ஒரு முட்டையும் இருப்பது மட்டும் காணாமல் போயிருக்கிறது.

பென்ட்லியும் நண்பர்களும் அந்த உழவர்களுக்கு மருந்துப் பட்டியல் எதையும் கொடுக்கவில்லை. பூச்சி எப்படிப் பெருகுகிறது, அதை எவை தின்கின்றன என்பதை மட்டும் வயலில் வைத்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் சிறப்பு. எறும்பு புழுவைத் தின்னும் என்று புரிந்த உழவர்கள், சர்க்கரைத் தண்ணீரைச் செடியில் தெளித்து எறும்பை வரவழைத்தார்கள். யாரும் சொல்லித்தந்த முறை அல்ல அது. 1998-இல் வெளியான ஒரு வயலாய்வு, சர்க்கரைக் கரைசல் தெளித்த செடிகளில் புழுவின் சேதம் குறைந்ததை உறுதிசெய்தது. குருத்துக்குள் மண்ணையோ சாம்பலையோ போடும் வழக்கமும் மத்திய அமெரிக்கச் சிறு உழவர்களுடையது. 2018-க்குப் பின் இந்தியப் பரிந்துரைகளிலும் ஒன்பது பங்கு மணலும் ஒரு பங்கு சுண்ணாம்பும் கலந்து குருத்தில் இடுவது சேர்ந்தது. விசைத்தெளிப்பானும் மருந்துப் புட்டியும் வேண்டாத இந்த முறைக்கு ஒரு சட்டியும் இரண்டு விரல்களும் போதும்.

தெரிந்துகொண்டவர் அடுத்த கட்டத்தைத் தானே கண்டுபிடிக்கிறார் என்பதற்கு இந்தோனேசியா இன்னொரு சான்று. நெல்லைத் தாக்கிய புகையானுக்கு அஞ்சி மருந்தை அள்ளி அடித்த நாடு அது. அடிக்க அடிக்கப் புகையானைத் தின்னும் சிலந்திகள் செத்துப் புகையான் பெருகியது. 1986-இல் அந்த அரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குத் தடைசெய்து, 1989-இலிருந்து உழவர் வயல்வெளிப் பள்ளிகளைத் தொடங்கியது. வாரம் ஒருமுறை வயலில் கூடி, பார்த்ததைப் படமாக வரைந்து, அடிக்கலாமா வேண்டாமா என்று தங்களுக்குள் வாதிட்டு முடிவெடுப்பதுதான் பாடம். அந்த முறை தமிழ்நாட்டுக்கும் வந்தது. ‘பூச்சி’ செல்வம் என்று உழவர்கள் அறிந்த நீ. செல்வம் போன்றவர்கள், நன்மை செய்யும் பூச்சியைத் தீமை செய்யும் பூச்சியிலிருந்து பிரித்தறியக் கற்றுத்தருவதைத் தங்கள் பணியாகவே கொண்டார்கள்.

பிரித்தறியத் தெரிந்த கண்ணுக்குக் கொல்லையே வேறாகத் தெரியும். படைப்புழுவின் முட்டைக் குவியலில் கருத்துப்போன முட்டைகள் இருந்தால் டெலினோமஸ் என்ற சிறு குளவி அங்கே முந்திக்கொண்டிருக்கலாம். ஈரமான நாட்களில் வெளிறிய பச்சைப் பொடி பூத்து விறைத்துக் கிடக்கும் புழு, மெட்டாரைசியம் ரைலேயி என்ற பூஞ்சையால் செத்தது. இதைக் காணாமல் மேலே மருந்தடித்தால் துணைக்கு வந்தவர்களையும் சேர்த்து அழித்ததாகும். கொல்லைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து நூறு செடியைப் பார்த்து, இளம்பயிரில் ஐந்து செடிக்கும், குருத்துப் பருவத்தில் பத்து செடிக்கும் குறைவாகக் கடிபட்டிருந்தால் பொறுத்திருக்கச் சொல்லும் பரிந்துரை, அச்சமுற்றவரிடம் கேட்கவே முடியாத ஒன்றைக் கேட்கிறது. கண்ணெதிரே நாலு செடியைப் புழு தின்னும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் துணிச்சல், அந்த எண்ணின் காரணம் தெரிந்தவருக்கே வரும்.

இந்த அறிவு யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதும் நேர்மையாகக் கேட்க வேண்டிய கேள்வி. செடியை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பவர்கள் களையெடுக்கும் பெண்கள். முட்டைக் குவியலை முதலில் காணக்கூடியவர்கள் அவர்கள்தான். பயிற்சிக் கூட்டங்களுக்கு அழைப்பு போவது பெரும்பாலும் பட்டாவில் பெயர் உள்ள ஆண்களுக்கு. மருந்தடிப்பவர் கூலியாளாகவோ குத்தகைதாரராகவோ இருப்பார். நஞ்சைச் சுவாசிப்பவர் அவர். எந்த மருந்து, எத்தனை மில்லி என்பதைச் சொல்பவர் கடைக்காரர். விற்றால்தான் அவருக்கு வருமானம். பார்க்கிறவர், அடிக்கிறவர், முடிவெடுக்கிறவர், ஆலோசனை சொல்கிறவர் என்று நான்கு பேராகப் பிரிந்து கிடக்கும் இடத்தில் அச்சம் நடுவில் தங்கிவிடுகிறது. களையெடுக்கும் பெண்களுக்கு வயலிலேயே அரை மணி நேரம் முட்டைக் குவியலைக் காட்டுவது, எத்தனையோ மண்டபக் கூட்டங்களைவிடப் பயன் தரும்.

புழு போய்விடவில்லை. ஒவ்வொரு பருவத்திலும் வருகிறது, இனியும் வரும். முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாவரங்களைத் தின்னக்கூடிய ஒன்றை விரட்டிவிட்டோம் என்று யாரும் அறிவிக்கப் போவதில்லை. புதியவையும் வந்தபடி இருக்கும். 2008-இல் கோவையில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியையும் மரவள்ளியையும் மல்பெரியையும் வெள்ளைப் பூச்சாக மூடியபோது, மருந்தடித்து அலுத்த உழவர்கள் தோட்டங்களை அழித்தார்கள். 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற சிறு குளவி சில மாதங்களில் அதை அடக்கியது. 2020-இல் கேரளத்தில் தென்பட்டுத் தமிழ்நாட்டுக்கு வந்த மரவள்ளி மாவுப்பூச்சிக்கு எதிராக, ஆப்பிரிக்காவில் அதே பூச்சியை அடக்கிய அனாகைரஸ் லோபெஸி குளவி 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விடப்பட்டது. அந்தக் குளவிகளின் மேல் மருந்தடிக்காமல் காத்திருக்க, அவை என்ன செய்கின்றன என்று தெரிந்த உழவர்கள் வேண்டும்.

அப்படிப்பட்டவர்களை உருவாக்கும் இடம் பெரம்பலூரிலும் அரியலூரிலும் ஏற்கெனவே இருக்கிறது. பட்டாம்பூச்சியின் நான்கு பருவங்கள் பள்ளிப் பாடத்தில் வண்ணப்படமாக உண்டு. அதே நான்கு பருவங்களும் பள்ளிச் சுவருக்கு அந்தப்பக்கம் மக்காச்சோளக் கொல்லையில் உயிரோடு நடந்துகொண்டிருக்கின்றன. காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாட்களில் மானாவாரி மக்காச்சோளம் பெரும்பாலும் குருத்துப் பருவத்தில் இருக்கும். அந்த வாரங்களில், அன்றோ முந்தைய நாட்களிலோ மருந்தடிக்காத கொல்லையாகப் பார்த்து, அறிவியல் வகுப்பு ஒன்றை அங்கே நடத்தலாம். வேளாண் அறிவியல் மையத்திலிருந்து ஒருவர் வர வேண்டும். கொல்லைக்காரர் அனுமதிக்க வேண்டும். நான்கைந்து கைலென்சுகள் வேண்டும். பிள்ளைகள் ஒரு முட்டைக் குவியலை இலையோடு கண்ணாடிக் குடுவையில் எடுத்துவந்து, வகுப்பறை மேசையில் வைத்து, நாள்தோறும் என்ன ஆகிறது என்று பார்த்து, மாலையில் வீட்டில் சொல்ல வேண்டும்.